பாடி கேமரா ரிவ்யூ: "நான் யார் தெரியுமா?" என்பவர்கள் முன்னால் இது எவ்வளவு தாங்கும்?

பாடி கேமராவுக்கு இணையத்தில் கிடைக்கிற ரிவ்யூக்களைப் படித்தால் பேட்டரி எத்தனை மணி நேரம், எத்தனை பிக்சல், மழையில் நனைந்தால் தாங்குமா என்பதோடு முடிந்துவிடுகிறது. எனக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். நான் ஒரு பெரிய வளாகத்தின் வாசலில் செக்யூரிட்டி ஆட்களை மேற்பார்க்கிறவன். எங்கள் ஆட்கள் மார்பில் மாட்டியிருப்பது போலீஸ்காரர்கள் மாட்டுகிற அதே வகைக் கருவிதான், எங்கள் வாசலுக்கும் கொடி கட்டிய கார்கள் வரும், "யாருய்யா நீ, கேட்டைத் திற" என்கிற குரலும் வரும். அதனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: பதவியில் இருக்கிற ஒருவர் வாசலில் நிற்கிறவனை வாய்க்கு வந்தபடி பேசும்போது, இந்தக் கருவி அவன் பக்கம் நிற்குமா?

பாதி நிற்கும். மீதிப் பாதி கருவியின் கையில் இல்லை. எப்படி என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அரசியல்வாதிகள் போலீசைத் திட்டுகிற வீடியோ வரும்போதெல்லாம் "எல்லா போலீசுக்கும் கேமரா கொடுங்கப்பா, எல்லாம் சரியாகிவிடும்" என்று கமெண்டில் எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

கருவி என்று பார்த்தால், சீட்டுக்கட்டு அளவு, கொஞ்சம் கனம். சட்டைப் பையில் கிளிப் வைத்தோ காந்தப் பட்டை வைத்தோ மாட்டலாம். காந்தம் நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் தள்ளுமுள்ளில் யாராவது மார்பில் கை வைத்தால் முதலில் கழன்று விழுவதும் அதுதான், கிளிப் பரவாயில்லை. பேட்டரி ஒரு ஷிப்டுக்குத் தாராளமாக வருகிறது. இரவில் படம் சுமார். எந்த ரிவ்யூவிலும் பார்க்காத ஒரு விஷயம்: விசில் கயிறும் ஐ.டி. கார்டும் லென்ஸுக்கு முன்னால் ஆடிக்கொண்டே இருக்கும், அந்த அட்டை மைக்கில் உரசுகிற சத்தத்தில் முக்கியமான வார்த்தை போய்விடும். கயிற்றை சட்டைக்கு உள்ளே விடச் சொல்லுங்கள். இன்னொன்று, கேமரா இருப்பது மார்பு உயரத்தில், திட்டுகிறவர் நிற்பது ஒரு அடி தள்ளி, அதனால் பல நேரம் படத்தில் முகமே இருக்காது. ஒரு பட்டன், ஒரு மோதிரம் போட்ட விரல். அந்த விரல்தான் திரையில் பாதி.

எனவே படத்தைவிட ஒலிதான் இங்கே பெரிய விஷயம். யார் என்ன சொன்னார் என்பதுதானே சண்டையே.

இதற்கு லண்டனில் 2012-ல் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த வருடம் செப்டம்பர் 19-ம் தேதி மாலை, ஆளுங்கட்சியின் தலைமைக் கொறடாவான ஆண்ட்ரூ மிட்செல் பிரதமர் வீடு இருக்கிற டவுனிங் தெருவிலிருந்து சைக்கிளில் வெளியே கிளம்புகிறார். பெரிய கேட்டைத் திறக்கச் சொல்கிறார், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பக்கத்துச் சின்ன வழியாகப் போகச் சொல்கிறார். அவ்வளவுதான் பிரச்சினை. மிட்செல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார், அதை அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் போலீஸ் குறிப்பேட்டில், அவர் காவலர்களைக் கீழ்ச்சாதிப் பயல்கள் என்பது போன்ற, அந்த ஊரில் வர்க்கத் திமிரோடு சொல்லப்படுகிற 'பிளெப்' என்ற சொல்லையும் சொன்னதாக எழுதியிருந்தது. அதை மட்டும் அவர் கடைசிவரை மறுத்தார். அதற்கு முந்தின நாள்தான் மான்செஸ்டரில் இரண்டு பெண் போலீசார் பணியில் கொல்லப்பட்டிருந்தார்கள். ஊர் எவ்வளவு கொதித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. போலீஸ் சங்கத்துக்காரர்கள் அந்த வார்த்தையை டி-ஷர்ட்டில் அச்சடித்துப் போட்டுக்கொண்டு நின்றார்கள். சரியாக ஒரே மாதத்தில், அக்டோபர் 19 அன்று, மனிதர் பதவி விலகிவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. டிசம்பரில் ஒரு டி.வி. சேனல் அந்தத் தெருவின் சி.சி.டி.வி. காட்சியை வெளியிட்டது. வாசலில் நின்ற பொதுமக்கள் பார்த்து அதிர்ந்து போனார்கள் என்று குறிப்பேட்டில் இருந்தது, காட்சியில் பார்த்தால் அப்படி ஒரு கூட்டமே தெரியவில்லை. நேரில் பார்த்த பொதுஜனம் என்று சொல்லி எம்.பி. ஒருவருக்கு வந்த மின்னஞ்சல், சம்பவ இடத்திலேயே இல்லாத ஒரு போலீஸ்காரர் எழுதியது என்று தெரியவந்து, 2014-ல் அவருக்கு 12 மாதம் சிறை. இப்போது ஊர் அப்படியே திரும்பிவிட்டது: பாவம் அந்த அரசியல்வாதி, போலீஸ்காரர்கள் சேர்ந்து சதி செய்துவிட்டார்கள். அப்புறம் 2014 நவம்பரில், இதைச் செய்தியாகப் போட்ட பத்திரிகை மீது மிட்செல் தொடுத்த அவதூறு வழக்கில் அவரே தோற்றார். அந்தச் சொல்லையோ அதற்கு மிக நெருக்கமான ஒன்றையோ அவர் சொல்லியிருக்க வேண்டும் என்று நீதிபதி முடிவு செய்தார். கேட்டில் அவரைத் தடுத்த காவலருக்கு நின்ற நிலையில் இப்படியெல்லாம் கதை கட்டுகிற சாமர்த்தியமோ கற்பனையோ கிடையாது என்ற பொருள்பட நீதிபதி சொன்னதுதான் அந்த வழக்கில் எனக்குப் பிடித்த இடம். அது பாராட்டா, திட்டா என்று அந்தக் காவலருக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

இரண்டு வருடத்தில் பொதுஜனம் இரண்டு தடவை பக்கம் மாறியது, ஒரு பதவி, ஒரு சிறைவாசம், வக்கீல் செலவு மட்டும் லட்சக்கணக்கான பவுண்டு. எல்லாம் எதனால்? காட்சி இருந்தது, அதில் ஒலி இல்லை. காவலர் மார்பில் ஒலியோடு ஒரு கருவி இருந்திருந்தால் மறுநாள் காலை பத்து மணிக்கு விஷயம் முடிந்திருக்கும், அரசியல்வாதி பொய் சொல்லியிருந்தாலும் சரி, போலீஸ் பொய் சொல்லியிருந்தாலும் சரி. லண்டன் போலீஸ் 2014-ல் பாடி கேமரா சோதனையைத் தொடங்கி, 2016-ல் 22,000 கேமரா கொடுக்க ஆரம்பித்தது.

இப்போது வாங்க நினைக்கிறவர்களுக்கு முக்கியமான செய்தி. பெரும்பாலான பாடி கேமராக்களில் 'முன்பதிவு' என்று ஒன்று உண்டு. பட்டனை அழுத்துவதற்கு முந்தைய 30 வினாடியும் சேர்ந்து பதிவாகும் என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பல கருவிகளில், பெட்டியைப் பிரித்த நிலையில், அந்த 30 வினாடியில் படம் மட்டும்தான் இருக்கும், ஒலி இருக்காது. காவலர் சும்மா நின்று சொந்த விஷயம் பேசுவது பதிவாகக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அது நியாயம்தான். ஆனால் வாசலில் நிற்கிற எவனைக் கேட்டாலும் சொல்வான், மோசமான வார்த்தை எப்போதும் முதலில்தான் வரும். கார்க் கண்ணாடி இறங்கும், இரண்டு வார்த்தை வந்து விழும், அதற்குப் பிறகுதான் நம் ஆளின் கை பட்டனுக்குப் போகும். அந்த இரண்டு வார்த்தைக்கு உங்களிடம் மிஞ்சுவது வாய் அசைகிற ஊமைப்படம். டவுனிங் தெருவில் இருந்த அதே சரக்கு. அமைப்புக்குள் போய் முன்பதிவில் ஒலியையும் சேர்க்க முடிகிற மாடலா என்று கேட்டு வாங்குங்கள், சில மாடல்களில் முடியும், சிலவற்றில் அந்த வசதியே கிடையாது.

சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதிவு ஓடும்போது எரிகிற அந்தக் குட்டி விளக்கு இந்தக் கருவியிலேயே அதிகம் உழைக்கிற பாகம் என்பேன். நேற்றுவரை "டேய்" என்றவர் விளக்கைப் பார்த்ததும் "தம்பி" என்கிறார். சிலர் நம் ஆளை விட்டுவிட்டு நேராக லென்ஸைப் பார்த்துப் பேசத் தொடங்குவார்கள், "நான் மரியாதையாத்தான் பேசிட்டிருக்கேன், இவர்தான் முறைக்கிறார்" என்று. சிரிப்பை அடக்குவது கஷ்டம். நம் ஆட்களுக்கும் அதே மருந்துதான், விளக்கு எரிகிறது என்று தெரிந்தால் அவர்களும் வாயை அடக்குகிறார்கள். கலிஃபோர்னியாவில் ரியால்டோ என்ற ஊரில் 2012, 2013-ல் ஒரு வருடம் 54 போலீசாரை வைத்துச் செய்த ஆய்வில் பொதுமக்கள் புகார் கிட்டத்தட்ட 88 சதவீதம் குறைந்தது. விற்பனையாளர்கள் எல்லோரும் இந்த எண்ணைத்தான் நீட்டுவார்கள். ஆனால் வாஷிங்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட போலீசாரை வைத்துச் செய்து 2017-ல் வந்த பெரிய ஆய்வில் சொல்லிக்கொள்கிற மாதிரி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அதை எந்த விற்பனையாளரும் சொல்லி நான் கேட்டதில்லை.

போலீசின் சொந்தக் கேமராவே வேலையைக் கச்சிதமாக முடித்த சம்பவம் வேண்டுமானால், 2018-ல் நியூஜெர்சியின் டெனஃப்ளையில் நடந்தது. அது மார்பில் இருந்த கேமரா இல்லை, போலீஸ் காரில் இருந்தது, ஆனாலும் பாடம் ஒன்றுதான். மகள் வந்த காரை போலீஸ் நிறுத்திவிட்டது என்று வந்து இறங்கினார் அங்கே துறைமுக ஆணைய உறுப்பினராக இருந்த ஒரு அம்மா. பேட்ஜைக் காட்டுகிறார், தன்னைக் கமிஷனர் என்று அழைக்கச் சொல்கிறார், இரண்டு இளம் காவலர்களைக் கெட்ட வார்த்தையில் வாயை மூடச் சொல்கிறார். அவர்கள் இருவரும் அசையவே இல்லை, மேடம் மேடம் என்று அதே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒலியோடு முழுப் பதிவும் போலீஸ் துறையே வெளியிட்டது. அதற்குள் அம்மா பதவி விலகியிருந்தார். ஊரே அந்த இரண்டு பேரின் பொறுமையைப் பேசியது. எடிட் செய்தது, முன்னும் பின்னும் வெட்டியது, குரல் என்னுடையது இல்லை என்றெல்லாம் சொல்ல அங்கே இடமே இல்லாமல் போனது.

நம் பக்கம் வருவோம். இந்தியாவில் இந்த விஷயத்தில் பெரிதாகப் பேசப்பட்ட வீடியோக்களை நினைத்துப் பாருங்கள். 2018 செப்டம்பரில் திருமயம் அருகே மெய்யபுரத்தில் விநாயகர் ஊர்வலப் பாதையை வைத்து பாஜகவின் அன்றைய தேசியச் செயலாளர் எச். ராஜா போலீசாரோடு போட்ட வாக்குவாதம், அதில் போலீசோடு உயர் நீதிமன்றத்தையும் சேர்த்துப் பேசியது. வீடியோ எடிட் செய்யப்பட்டது என்றார், நீதிமன்றம் தானாக முன்வந்து அவமதிப்பு வழக்கை எடுத்தது, அடுத்த மாதம் மன்னிப்புக் கேட்டார். 2020 ஜூனில் ஊரடங்கு நேரத்தில் சேலம் பக்கம் சோதனைச்சாவடியில் காரை நிறுத்திய போலீசாரை முன்னாள் எம்.பி. ஒருவர் திட்டி, காலைத் தூக்கி உதைக்கப் போன காட்சி. 2025 ஏப்ரலில் பெலகாவியில் மேடையிலேயே கூடுதல் எஸ்.பி. ஒருவரைக் கூப்பிட்டு அறையப் போவது போலக் கை ஓங்கிய கர்நாடக முதல்வர் சித்தராமையா. அதே வருடம் செப்டம்பரில் வெளியான வீடியோவில், சோலாப்பூர் மாவட்டத்தில் மண் அள்ளுவதைத் தடுக்கப் போன இளம் ஐ.பி.எஸ். பெண் அதிகாரியிடம் போனில் சீறிய மகாராஷ்டிரத்தின் அன்றைய துணை முதல்வர் அஜித் பவார்.

நான்கிலும் கட்சி வேறு, மாநிலமும் மூன்று. ஆனால் ஊர் பார்த்த படம் எதுவும் போலீஸ்காரரின் மார்பிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை, எல்லாவற்றிலும் போலீஸ்காரரையே நாம் வெளியிலிருந்துதான் பார்க்கிறோம். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் போன், டி.வி. கேமரா, கண்காணிப்புக் கேமரா. நம் ஊரிலும் டிராஃபிக் போலீசார் பலர் பாடி கேமரா மாட்டுகிறார்கள், ஹெல்மெட் இல்லாதவரோடு நடக்கிற தகராறு அதில் தவறாமல் பதிவாகிறது. எம்.எல்.ஏ.வோடு நடக்கிற தகராறு அதிலிருந்து வெளியே வந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா?

ஏன் வராது என்பதுதான் இந்தக் கருவிக்கு நான் மார்க் குறைக்கிற இடம். பதிவு கான்ஸ்டபிளுக்குச் சொந்தம் இல்லை. ஷிப்ட் முடிந்ததும் கருவியை சார்ஜரில் வைத்தால் அதுவே சர்வருக்கு ஏறிவிடும், அழிக்க அவரால் முடியாது, எடுத்துப் பார்க்கவும் பல இடங்களில் முடியாது. வெளியிடுவதா வேண்டாமா என்பது மேலதிகாரி கையில். அந்த மேலதிகாரியின் அடுத்த போஸ்டிங் யார் கையில் என்று நான் எழுத வேண்டுமா? "சட்டையைக் கழற்றிடுவேன்" என்று ஒருவர் போலீசைப் பார்த்துச் சத்தம் போடுவது வெறும் வாய்ச்சவடாலாக இருந்தால் யாரும் பயப்பட மாட்டார்கள், மறுநாள் ஆயுதப்படைக்கு மாற்றல் வரும் என்று தெரிவதால்தான் அந்த வாய்க்கு அவ்வளவு பலம். 2006-ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியப் பொறுப்பில் இருக்கிற அதிகாரிகளுக்குக் குறைந்தது இரண்டு வருடம் அதே இடம், மாற்றலை முடிவு செய்யத் துறைக்குள்ளேயே ஒரு வாரியம் என்றெல்லாம் உத்தரவு போட்டது. அது ஒழுங்காக நடந்தால் பாடி கேமராவைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அப்புறம், லண்டனில் போலீஸ் சங்கம் மிட்செலைப் பதவி விலகச் சொல்லிக் கூச்சல் போட்டது அல்லவா, இங்கே அது நடக்காது. 1966-ல் வந்த ஒரு மத்தியச் சட்டம் அனுமதி இல்லாமல் போலீசார் சங்கம் சேர்வதையும் பத்திரிகைகளிடம் பேசுவதையும் கட்டுப்படுத்துகிறது. அதனால் திட்டு வாங்கிய ஏட்டையா வெளியே வாயைத் திறக்க முடியாது. அவருக்குப் பதிலாக ஊர்தான் கத்துகிறது, வீடியோவைப் பகிர்வதன் மூலம். பெலகாவி அதிகாரி பொது இடத்தில் அவமானப்பட்டதாகச் சொல்லி விருப்ப ஓய்வுக் கடிதம் கொடுத்த செய்தி வெளியே வந்தபோது மக்கள் காட்டிய கோபம்தான் முதல்வரையே பேசிச் சமாதானப்படுத்த வைத்தது என்று நினைக்கிறேன், பிறகு அதே ஊரில் அவருக்குத் துணை ஆணையர் பொறுப்பு வந்தது. சோலாப்பூர் விஷயத்திலும் அப்படித்தான், பெண் அதிகாரிகள் மேல் தனக்கு மிகுந்த மரியாதை உண்டு என்று பவார் விளக்கம் கொடுக்க வேண்டிவந்தது. அவர் கூடுதல் எஸ்.பி., இவர் ஐ.பி.எஸ். என்பதையும் கவனிக்க வேண்டும். மழையில் பந்தோபஸ்து நிற்கிற இரண்டாம் நிலைக் காவலருக்கு இதே ஊர் இதே அளவு கொதிக்குமா என்றால் எனக்குச் சந்தேகம்தான்.

மக்கள் என்று பொதுவாகச் சொல்கிறேனே, அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. திட்டியவர் நம் கட்சி என்றால் "போலீஸ் முதலில் என்ன செய்தான் என்று காட்டு" என்பார்கள், எதிர்க்கட்சி என்றால் "உடனே கைது செய்" என்பார்கள். அடுத்த வாரம் ஒரு போலீஸ்காரர் தள்ளுவண்டிக்காரரின் வண்டியைக் கவிழ்க்கிற வீடியோ வந்தால், போன வாரம் சல்யூட் அடித்த அதே கை கல்லை எடுக்கும். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. பதவியைக் காட்டி எளியவனை மிதிக்கிறவன் யாராக இருந்தாலும் ஊருக்குப் பிடிக்காது, அன்றைக்கு எளியவன் யார் என்பதுதான் மாறுகிறது. இதனால்தான் பாடி கேமராவை போலீசுக்கு எதிரான கருவி என்றோ ஆதரவான கருவி என்றோ பிரித்துப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சட்டத்தைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வரி: பொது ஊழியரைப் பணி செய்ய விடாமல் தாக்குவது முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 353, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 132. அடிக்கவில்லை, மிரட்டினார் என்றால் 224. செக்யூரிட்டி ஆட்களான நாங்கள் பொது ஊழியர் இல்லை, எங்களுக்கு இந்தப் பிரிவுகள் கிடையாது, கேமராவும் பொறுமையும்தான்.

ரேட்டிங் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. ஒலி நன்றாக இருக்கிறது, விளக்கு பிரமாதம், முன்பதிவு ஏமாற்று வேலை, பதிவு யார் கையில் என்பதற்கு அரை மார்க்கும் கொடுக்க முடியாது.

பெட்டியில் வருகிற கையேட்டில் இல்லாத இன்னொரு குறை. விளக்குக்குப் பழகிவிட்ட ஆட்கள் இப்போதெல்லாம் நேரில் திட்டுவதே இல்லை. காரை நிறுத்திவிட்டு யாருக்கோ நம்பர் போட்டு, "அண்ணன் லைன்ல இருக்கார், பேசு" என்று போனை நம் ஆள் காதில் வைத்துவிடுகிறார்கள். காதுக்குள் விழுகிற வசவு எந்த பாடி கேமராவிலும் ஏறாது, படத்தில் நம் ஆள் "சரிங்க சார், சரிங்க சார்" என்று தலையாட்டிக்கொண்டு நிற்பது மட்டும்தான் தெரியும். அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒன்று பழக்கியிருக்கிறோம்: போனைக் கையில் வாங்காமல், "ஸ்பீக்கர்ல போடுங்க சார், காது சரியாக் கேட்காது" என்று சொல்ல வேண்டும். பாதிப் பேர் அப்படியே போனைப் பையில் போட்டுக்கொண்டு விசிட்டர் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள்.